குளிரோடு மல்லுக்கட்டும் நீர்நாய்கள்

நீரில் வாழப் பழகிய பாலூட்டிகள் அனைத்துக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. உடலின் சூட்டைக் காற்று எடுத்துக்கொள்வதைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் எடுத்துக்கொள்கிறது. திமிங்கலமும் சீலும் தோலுக்கடியில் தடித்த கொழுப்பை வளர்த்துக்கொண்டு இதைச் சமாளிக்கின்றன. நீர்நாய்க்கு அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, அதன் உடல் நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால், எடையோடு ஒப்பிடும்போது சூடு வெளியேறும் பரப்பு மிக அதிகம். மீனைத் துரத்துவதற்கு மிகப் பொருத்தமான இந்த உடலமைப்பு, சூட்டைக் காப்பதற்குச் சிறிதும் பொருத்தமற்றது. நீர்நாய்களைப் பற்றி நாம் வியப்போடு பேசும் பெரும்பாலான செய்திகள், அதாவது அவற்றின் மென்மையான முடி, ஓயாத துறுதுறுப்பு, கட்டுக்கடங்காப் பசி, மணலில் புரளும் பழக்கம், மனிதரோடு ஏற்படும் மோதல் ஆகிய எல்லாம், இந்த ஒரு முரணிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் முடியைப் பார்ப்போம். நீர்நாயின் உடலில் இரண்டு அடுக்கு முடி உண்டு. வெளியே தெரிவது நீளமான, சற்றே முரடான காப்பு முடி, அது நனையும். அதற்கு அடியில் மிக நுண்ணிய, மிக நெருக்கமான கம்பளி அடுக்கு இருக்கிறது. நலமாக உள்ள விலங்கில் இந்த அடுக்கின் அடிப்பகுதி நனைவதே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் உள்முடியின் மேற்பரப்பில் செதில் போன்ற விளிம்புகள் தெரியும். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காற்றைச் சிறைப்பிடிக்கின்றன. நீர்நாய் மூழ்கி நீந்தும்போது மேலே குமிழிகள் வரிசையாக எழுவதைப் பார்த்திருப்பவர்கள், அந்தக் காற்றின் ஒரு பகுதி கசிந்து வெளியேறுவதையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். வட பசிபிக் கடலில் வாழும் கடல் நீர்நாயிடம் இந்த அடுக்கு உச்ச அளவை எட்டியிருக்கிறது. அதன் உடலில் முடி மிக அடர்ந்த இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் முடிகள் உள்ளன. மனிதத் தலை முழுவதிலும் இருப்பதே சுமார் ஒரு லட்சம்தான்.

ஆனால் காற்றை நம்பிய போர்வைக்கு இடைவிடாத பராமரிப்பு வேண்டும். முடியில் அழுக்கோ எண்ணெயோ படிந்தால் செதில்களின் பிணைப்பு குலைந்து நீர் உள்ளே புகுந்துவிடும். பிறகு அந்த விலங்கு குளிரால் சாக அதிக நேரம் ஆகாது. அலாஸ்கா கடற்கரையில் 1989ஆம் ஆண்டு எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கச்சா எண்ணெய் கொட்டியபோது கடல் நீர்நாய்கள் பெருமளவில் மடிந்ததற்கு இது முதன்மையான காரணம். ஆற்று நீர்நாய்கள் கரையேறியதும் உடலை உதறி, மணலிலும் புல்லிலும் முதுகைத் தேய்த்துப் புரண்டு, ஒன்றின் கழுத்தை மற்றொன்று பல்லால் கோதிவிடுவதை விளையாட்டு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். விளையாட்டும் அதில் உண்டுதான். என்றாலும் பெரும்பகுதி ஈரம் போக்கும் வேலை. ஆற்றங்கரையில் காய்ந்த மணல்திட்டு இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இரண்டாவது ஆயுதம் உணவு. கடல் நீர்நாய் நாள்தோறும் தன் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை உண்கிறது. அதன் அளவுள்ள ஒரு நிலவாழ் விலங்கிடம் எதிர்பார்க்கக்கூடியதைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகத்தில் அதன் உடல் ஆற்றலை எரிக்கிறது. இந்த வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதற்கு 2021இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. தசை அணுக்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் வேலைக்குரிய ஆற்றலாக மாற்றவேண்டியதில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கசியவிட்டு வெறும் சூடாக்குகின்றனவாம். அதனால் தசை அசையாமல் இருக்கும்போதும் உடல் சூடாகிறது. இன்னும் நீந்தக் கற்காத குட்டிகளிடமும் இதே நிலை காணப்பட்டது. நன்னீரில் வாழும் இனங்களுக்கு இந்த அளவுக்கு நெருக்கடி இல்லை. இருந்தாலும் பத்துக் கிலோ எடையுள்ள ஓர் ஆற்று நீர்நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்காவது மீன் வேண்டும். ஒரு குடும்பத்தில் எட்டு விலங்குகள் இருந்தால் அந்த ஆற்றுப் பகுதி தினமும் எவ்வளவு மீன் தரவேண்டும் என்று வாசகரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த மீனைப் பிடிப்பதற்கு உதவும் உறுப்புகளும் தனிச் சிறப்புடையவை. விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. அடிப்பகுதியில் பருத்துள்ள தசைமிக்க வால், திசை திருப்பவும் உந்தித் தள்ளவும் பயன்படுகிறது. மூழ்கும்போது மூக்குத் துளைகளும் காதுகளும் மூடிக்கொள்ளும். நீருக்குள் நம் கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் விழிமுன்படலம் அங்கே ஒளியை வளைக்கும் திறனை இழப்பதுதான். நீர்நாயின் கண்ணோ வில்லையை வலுவாக அழுத்தி வளைத்து அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. நல்ல வெளிச்சத்தில் சிறுநக நீர்நாய்க்கு நீருக்குள்ளும் வெளியிலும் பார்வைக் கூர்மை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது 1970களிலேயே சோதனையில் தெரியவந்தது. புதுவெள்ளம் வந்து ஆறு செங்கலங்கலாக ஓடும்போது கண்ணால் பயனில்லை. அப்போது மேலுதட்டிலும் முகவாயிலும் உள்ள விறைத்த மீசை முடிகள் கைகொடுக்கின்றன. தப்பியோடும் மீனின் வால் கிளப்பும் நீரசைவை அவற்றின் வேர்களிலுள்ள நரம்புகள் உணர்கின்றன. மூச்சைப் பல நிமிடங்கள் அடக்கும் ஆற்றல் சில இனங்களுக்கு இருந்தாலும், ஆற்றில் பெரும்பாலான முக்குளிப்புகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உலகில் இன்று வாழும் நீர்நாய் இனங்கள் 13 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பெயரில் நாய் இருந்தாலும் இவை நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மஸ்டெலிடே என்னும் குடும்பத்தில் வீசல், மார்ட்டென், பேட்ஜர் ஆகிய ஊனுண்ணிகளின் உறவினர்கள். ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இவை உண்டு. மூக்கிலிருந்து வால்நுனி வரை 1.8 மீட்டர் வளரக்கூடிய அமேசான் பெருநீர்நாய் நீளத்தில் முதலிடம் பெறுகிறது. 45 கிலோ வரை எட்டும் கடல் நீர்நாய் எடையில் முந்துகிறது. பழங்காலத்தில் இதைவிடப் பெரியவையும் இருந்தன. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே புதைபடிவமாகக் கிடைத்த என்ஹைட்ரியோடான் என்னும் பேரினத்தின் ஆப்பிரிக்க வகை ஒன்று சிங்கத்தின் எடையை எட்டியிருக்கலாம் என்று 2022இல் கணித்தார்கள்.

இந்தியாவில் மூன்று இனங்கள் உள்ளன. மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கின்றன. ஆற்றோரத்தில் கூட்டமாக நாம் காண்பது பெரும்பாலும் மென்முடி நீர்நாயாகவே இருக்கும். தென்கிழக்கு ஆசியாவின் நீர்நாய்களில் பெரியது இது. ஏழு முதல் பதினொரு கிலோ எடையிருக்கும். குட்டையான, வழுவழுப்பான, வெல்வெட்டுத் துணிபோல் உடலோடு படிந்த முடியும், நுனியை நோக்கித் தட்டையாகும் வாலும் இதன் அடையாளங்கள். காவிரி, மோயாறு, பெரியாறு அணை நீர்த்தேக்கம் போன்ற அகன்ற நீர்நிலைகள் இதற்கு ஏற்றவை. இதன் பரவலில் வியப்பான இடைவெளி ஒன்று உண்டு. சிந்து நதிக்கு மேற்கே எங்கும் காணப்படாத இந்த இனம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஈராக்கின் சதுப்பு நிலங்களில் மட்டும் தனித்து வாழ்கிறது. மருதத்திணைச் சங்கப் பாடல்களில் வாளை மீனை அன்றாட இரையாகப் பெறும் நீர்நாயும் அனேகமாக இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சமவெளிப் பொய்கைகளில் வாளை அளவுள்ள மீனை வேட்டையாடுவது மற்ற இரண்டைவிட இதற்கே இயல்பானது.

சிறுநக நீர்நாய் முற்றிலும் வேறு மாதிரியான விலங்கு. எடை ஐந்து கிலோவைத் தாண்டுவது அரிது. உலகின் மிகச் சிறிய நீர்நாய் இதுதான். நீலகிரி, ஆனைமலை ஆகியவற்றின் உயரமான ஓடைகளில் வாழ்கிறது. வால்பாறைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் நீரோடைகளையும் பயன்படுத்துகிறது. முழங்கால் அளவுகூட ஆழமில்லாத அத்தகைய ஓடையில் இது இரை தேடும் விதம் கவனித்துப் பார்க்கத் தக்கது. தலையை நிமிர்த்தி எங்கோ பார்த்தபடி நிற்கும்; முன்கால்கள் இரண்டும் நீருக்குள் கற்களின் அடியில் துழாவிக்கொண்டிருக்கும். நகங்கள் விரல்நுனியைத் தாண்டாமல் மிகக் குட்டையாக இருப்பதாலும், சவ்வு விரல்களின் கடைசி மூட்டுவரை எட்டாததாலும், அந்த விரல்கள் தனித்தனியே அசையும். தொட்டு அறியும் ஆற்றலும் அவற்றுக்கு மிகுதி. நண்டு அகப்பட்டதும் அதை வெளியே எடுத்து, இரு கைகளாலும் பிடித்து, அகன்ற கடைவாய்ப் பற்களால் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். மீனை வாயால் கவ்வும் பெரிய இனத்துக்கும் நண்டைக் கையால் தேடும் சிறிய இனத்துக்கும் நேரடிப் போட்டி அதிகம் இல்லாததற்கு இந்த வேறுபாடு உதவுகிறது. இவை கூழாங்கல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி உருட்டி விளையாடும் காட்சிகள் இணையத்தில் புகழ்பெற்றவை. உயிர்க்காட்சி சாலைகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பசி எடுத்திருக்கும்போதுதான் அவை கல்லை அதிகமாக உருட்டுகின்றன என்று தெரிந்தது. இங்கேயும் பசிதான் முன்னால் நிற்கிறது.

மூன்றாவதான யூரேசிய நீர்நாய் அயர்லாந்து முதல் கிழக்காசியா வரை பரவியிருந்தும் தென்னிந்தியாவில் மிக அரிது. இலங்கையிலோ நிலைமை நேர்மாறு; அங்கே இயற்கையாக வாழும் நீர்நாய் இனம் இது ஒன்றே. மலையகத்து ஓடையானாலும் சமவெளிக் குளமானாலும் இதுவேதான். நனைந்த நிலையில் இதன் முடி முட்கள்போல் கொத்துக் கொத்தாகச் சிலிர்த்து நிற்கும். மென்முடி நீர்நாயிடம் அப்படி இருக்காது. யூரேசிய நீர்நாயின் மூக்கிலுள்ள வெற்றுத்தோலின் மேல்விளிம்பு வளைந்து மடிந்து காணப்படும். பழகாத கண்ணுக்கு இரண்டையும் தொலைவிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆனால் ஒரு குறிப்பு உதவும். யூரேசிய நீர்நாய் பெரும்பாலும் தனித்தே திரியும். தாயும் குட்டிகளும் சேர்ந்திருப்பதே அதன் பெரிய கூட்டம்.

மென்முடி நீர்நாயின் குடும்பம் அப்படியல்ல. ஓர் ஆணும் பெண்ணும், அவற்றின் வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளும் ஒன்றாக வாழும். வேட்டையும் கூட்டு வேட்டையே. பிறைபோல் வளைந்த வரிசையாக நீந்தி, மீன் கூட்டத்தைக் கரையோர ஆழமற்ற நீருக்கு நெருக்கிக் கொண்டுவந்து பிடிக்கும். இந்த இயல்பை மனிதர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வங்கதேசத்தின் நராயில், குல்னா மாவட்டங்களில் மீனவக் குடும்பங்கள் சில தலைமுறை தலைமுறையாக மென்முடி நீர்நாய்களை வளர்த்துவருகின்றன. இரவில் படகிலிருந்து வலையைக் கரையோரமாக விரித்து, மூங்கிலில் கட்டிய நீண்ட கயிற்றோடு வளர்ந்த நீர்நாய்களை நீரில் இறக்குவார்கள். வேர்களுக்கும் பாசிக்கும் இடையே பதுங்கியிருக்கும் மீன்களை அவை விரட்ட, மீன்கள் வலைக்குள் பாயும். குட்டிகளைக் கட்டுவதில்லை, அவை பெரியவற்றின் பக்கத்திலேயே நீந்தித் தொழிலைக் கற்றுக்கொள்ளும். ஆறுகளில் மீன் குறைந்ததால், நீர்நாய்களுக்குப் போடும் மீனுக்கே பிடிபடுவது சரியாகிவிடுகிறது. தொழில் அருகி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடும்பங்களுக்கு இடையே செய்தி போவது பெரும்பாலும் மணத்தின் வழியாகத்தான். நீர்நாய்கள் கழிவிடுவதற்கென்று குறிப்பிட்ட பாறையையோ மணல்மேட்டையோ வைத்திருக்கும். அங்கேயே திரும்பத் திரும்பக் கழிக்கும். வாலடிச் சுரப்பிகளின் சுரப்பும் அதோடு கலப்பதால், வந்துபோன விலங்கு எது, ஆணா பெண்ணா என்பது மற்றவற்றுக்குப் புரிந்துவிடும். ஆய்வாளர்களுக்கும் இந்த எச்சமே முதல் ஆவணம். மீன் செதிலும் முள்ளும் நிறைந்து, மீன் வாடை அடித்தால் பெரிய இனம். நண்டோட்டுத் துண்டுகளாக இருந்தால் சிறுநக நீர்நாய் என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.

கருக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். ஆற்றங்கரை மண்ணில் தோண்டிய வளையிலோ, மரவேர்களின் அடியிலோ, பாறை இடுக்கிலோ மென்முடி நீர்நாய் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். குட்டிகள் பிறக்கும்போது கண் திறந்திருக்காது, நீந்தவும் தெரியாது. தாய் கழுத்தைக் கவ்வி நீருக்குள் இழுத்துச் செல்லும்போது அவை அலறி அடம்பிடிப்பது வழக்கம். உள்முடி அடர்த்தியாகி நீரைத் தடுக்கும் நிலைக்கு வரும்வரை நீர் அவற்றுக்கு ஆபத்துதான் என்பதால், அந்த அலறலில் நியாயம் இருக்கிறது. குட்டிகள் ஓராண்டு அளவுக்குக் குடும்பத்தோடு இருந்து, மூத்தவை தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு.

குளிரிலிருந்து காத்த முடியே இந்த விலங்குகளுக்கு எமனாகவும் வாய்த்தது. 1741இல் பெரிங் தலைமையில் சென்ற ரஷ்யப் பயணக்குழுவினர் கொண்டுவந்த தோல்களைக் கண்டு தொடங்கிய வேட்டை, 1911ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை வரை நீடித்தது; லட்சக்கணக்கில் இருந்த கடல் நீர்நாய்களில் அப்போது எஞ்சியவை ஓரிரண்டு ஆயிரம் மட்டுமே. ஆசியாவில் ஆற்று நீர்நாய்த் தோலுக்கு நெடுங்காலம் திபெத்தியச் சந்தை இருந்தது. மரபு அங்கியின் ஓரங்களில் அதை வைத்துத் தைப்பார்கள். இந்தியாவில் புலி, சிறுத்தைத் தோல்களோடு நீர்நாய்த் தோல்களும் கட்டுக்கட்டாகப் பிடிபட்டது இந்த வணிகத்தால்தான். ஆந்திரத்து அமராவதியில் 2006 ஜனவரியில் நடந்த காலசக்கரம் என்னும் பௌத்த விழாவில் தலாய் லாமா தோலாடைகளைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்ட பின், திபெத்தியர்கள் அவற்றைக் குவித்து எரித்தார்கள். அண்மைக் காலத்துத் தொல்லை வேறு: செல்லப்பிராணி மோகம். ஜப்பானில் நீர்நாய்களைக் கொஞ்சுவதற்கென்றே காப்பிக் கடைகள் முளைத்தன. 2017இல் பாங்காக் விமான நிலையத்தில் ஜப்பான் செல்லவிருந்த ஒரு பயணியின் பெட்டியில் பத்துக் குட்டிகள் கிடைத்தன. 2019இல் சிறுநக, மென்முடி இனங்கள் இரண்டும் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் ஏற்றப்பட்டன. ஒரு நாளைக்குப் பலமுறை உண்டு, ஓயாமல் கத்தி, கண்ட இடத்தில் வாடையடிக்கக் கழிக்கும் விலங்கை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் அதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஆறுகளில் வேட்டையைவிடப் பெரிய கேடு வாழிடத்துக்கே நேர்கிறது. முடியை உலர்த்தும் மணல்திட்டும், குட்டி ஈனும் கரையும் மணல் அள்ளுவதால் ஒரே வீச்சில் போகின்றன. வெடி போட்டு மீன் பிடிப்பது குஞ்சு முதல் பெருமீன் வரை அனைத்தையும் அழித்துவிடுவதால், நாள்தோறும் கிலோக் கணக்கில் மீன் வேண்டிய விலங்கு அந்தப் பகுதியில் நீடிக்க முடியாது. கோடையில் ஆறு வற்றி மடுக்களாகச் சுருங்கும்போது மீன், மீனவர், நீர்நாய் என மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. வலையில் சிக்கிய மீனைத் தின்ன வரும் நீர்நாய் வலையையும் கிழித்துவிடுகிறது. நைலான் வலை ஒன்றை இழப்பது சிறு மீனவருக்குப் பல நாள் கூலி. இந்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல் ஆற்றங்கரை மக்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது எடுபடாது.

நீரைத் தூய்மைப்படுத்தினால் நீர்நாய் தானே வந்துவிடும் என்பதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு சிங்கப்பூர். 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவாக்கினார்கள். 1998இல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் மென்முடி நீர்நாய்கள் மீண்டும் தென்பட்டன. பின்னர் பீஷான் பூங்கா, மரினா விரிகுடா என நகரின் நடுவுக்கே வந்து குடியேறின. இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. ஆனால் அந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி உண்டு. அவை அங்கே பெரிதும் வேட்டையாடுவது திலேப்பியா போன்ற வெளியிலிருந்து வந்த மீன்களை. மலேசியாவின் ஜொகூர் கரையில் ஏற்கெனவே அவை இருந்ததால்தான் நீரிணையைக் கடந்து வரவும் முடிந்தது. சிங்கப்பூர் விலங்குகளின் மரபணுவில் சிறுநக நீர்நாயின் கலப்பும் தெரியவந்திருக்கிறது. குடும்பங்கள் பெருகியதும் எல்லைச் சண்டைகள் மூண்டன. அடுக்குமாடி வளாகங்களின் குளங்களில் வளர்க்கும் விலையுயர்ந்த கோய் மீன்கள் இரவோடிரவாகக் காணாமல்போயின. குளத்தைச் சுற்றி வேலி போடுவதும், வாயிற்கதவின் அடி இடைவெளியை அடைப்பதும்தான் அங்கே இன்று பரிந்துரைக்கப்படும் தீர்வுகள்.

தமிழகத்து ஆறுகளில் எத்தனை உள்ளன என்று எண்ணுவது அவ்வளவு எளிதல்ல. புலிக்கு வரியும் அமேசான் பெருநீர்நாய்க்குத் தொண்டைப் புள்ளியும் இருப்பதுபோல் மென்முடி நீர்நாய்க்கு ஆளுக்காள் வேறுபடும் அடையாளம் கிடையாது. தானியங்கிக் கேமராவில் பத்துப் படங்கள் விழுந்தால் அவை பத்து விலங்குகளா, ஒரே விலங்கு பத்து முறை வந்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே கரையோரமாக நடந்து எச்சம், காலடித் தடம், வளை ஆகியவற்றைப் பதிவுசெய்து, ஆற்றின் எந்தெந்தப் பகுதியில் நீர்நாய் இருக்கிறது என்று மட்டும் குறிப்பதே வழக்கமான முறை. தேவைப்பட்டால் புதிய எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்துத் தனித்தனி விலங்குகளை அறியலாம். வெயிலில் அது விரைவில் சிதைந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே சேகரிக்க வேண்டும். மழை பெய்து ஆறு ஏறினால் பாறையில் இருந்த எல்லாத் தடயமும் கழுவப்பட்டுவிடும். அதனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் இறங்கிய மாதங்களில் எடுத்த பதிவை, வெள்ளக் காலத்தில் எடுத்த பதிவோடு நேரடியாக ஒப்பிட்டு நீர்நாய்கள் குறைந்தன என்றோ கூடின என்றோ முடிவுகட்ட முடியாது.